ஹைப்ரிட் காரும் குடிமாற்றமும்: கட்டி இழுக்கலாமா, இழுக்க விடலாமா?

ஓசூரில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு, வைகாசிக் கடைசியில் சொந்த ஊருக்கே குடிவந்தோம். ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலூகா. பஸ் போர்டில் மலையாளம், டீக்கடையில் தமிழ். ஓசூரிலிருந்து சேலம், கோவை, வேலந்தாவளம் வழியாக 350 கிலோமீட்டருக்கு மேல். சாமான் லாரியில் வந்தது, நாங்கள் ஹைப்ரிட் காரில் வந்தோம். வந்து சேர்ந்த நாளிலிருந்து சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் அதே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீடு மாற்றுகிறவர்களுக்கு உதவட்டும் என்று பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

என் காரின் பின்னாலும் "ஹைப்ரிட்" என்று எழுதியிருக்கிறது. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

முதலில் எந்த ஹைப்ரிட் என்று பாருங்கள். எர்டிகா, பிரெஸ்ஸா போன்றவற்றில் வரும் "ஸ்மார்ட் ஹைப்ரிட்" என்பது சாதாரண பெட்ரோல் கார்தான். பெல்ட்டில் சுற்றும் ஒரு சின்ன மின்யந்திரம் எஞ்சினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான். கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் வழக்கம்போல.

ஹைரைடர், கிராண்ட் விட்டாராவின் ஹைப்ரிட் ரகங்கள், இன்னோவா ஹைகிராஸ் ஹைப்ரிட், இன்விக்டோ, ஹோண்டா சிட்டி ஹைப்ரிட், கேம்ரி ஆகியவை வேறு சாதி. எஞ்சின் ஓடாமலே சத்தமில்லாமல் நகரும். பானெட்டைத் திறந்தால் தடித்த ஆரஞ்சு நிற ஒயர்கள் தெரியும். கீழே நான் சொல்வதெல்லாம் இவற்றைப் பற்றி.

சாமான் ஏற்றிய டிரெய்லரைக் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாமா?

அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரர் வீடியோ அனுப்புவார். அதைப் பார்த்துத்தான் பெரும்பாலும் இந்தக் கேள்வி வரும். அங்கே சில ஹைப்ரிட்டுகள் இழுக்கத்தான் செய்கின்றன. ஐந்தாம் தலைமுறை டொயோட்டா ராவ்4 ஹைப்ரிட்டுக்கு அமெரிக்காவில் 1750 பவுண்டு, அதாவது 790 கிலோ சொச்சம். அதைவிடப் பெரிய ஹைலேண்டர் ஹைப்ரிட்டுக்கு 3500 பவுண்டு. ஆனால் பிரியஸைப் பாருங்கள். நான்காம் தலைமுறை பிரியஸுக்கு ஐரோப்பாவில் 725 கிலோ வரை அனுமதி. அமெரிக்காவிலோ அதே காருக்கு டிரெய்லர் வேண்டாம் என்றார்கள். கார் ஒன்று, நாட்டுக்கு நாடு கணக்கு வேறு.

ஆகவே வீடியோவை நம்பாதீர்கள். உங்கள் காரோடு இங்கே கொடுத்த கையேட்டைத் திறந்து, டிரெய்லர் எடை என்று ஒரு எண் இருக்கிறதா பாருங்கள். எண் இல்லையென்றால் இழுக்கக் கூடாது என்றுதான் பொருள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். டூல் கிட்டில் ஸ்பானரோடு ஒரு வளையக் கொக்கி கிடக்கும். பம்பரில் மூடியைத் திறந்து திருகி மாட்டுவது. அது சேற்றில் சிக்கிய உங்கள் காரை மற்றவர் வெளியே எடுக்கக் கொடுத்தது. அதில் டிரெய்லரை மாட்டக் கூடாது. பட்டறையில் இரும்புச் சட்டத்தை வெல்டு வைத்துக் கொக்கி போடுவதும் வேண்டாம்.

மோட்டாருக்கு எடுத்த எடுப்பிலேயே நல்ல இழுவை உண்டே, பிறகு ஏன் தயக்கம்?

சிக்னலில் கிளம்பும்போது அந்த இழுவை உண்மை. மலையில் அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் கரண்ட் பில் கணக்கிலேயே பார்த்துவிடலாம்.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 1000 மீட்டர் ஏற்றம். கார், நான்கு பேர், பெட்டிகள், 500 கிலோ டிரெய்லர் எல்லாம் சேர்த்து 2200 கிலோ என்று வையுங்கள். அந்த எடையை 1000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டும் 6 யூனிட் சக்தி வேண்டும். காற்றுத் தடை, டயர் உராய்வு தனி. ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட்டில் இருக்கும் பேட்டரி 0.76 யூனிட். கடைசிச் சொட்டு வரை பிழிந்தாலும் 130 மீட்டர் உயரத்தைத் தாண்டாது. அப்படிப் பிழியவும் கார் விடாது, பேட்டரியைக் காக்க ஒரு பங்கை எப்போதும் மிச்சம் வைத்துக்கொள்ளும்.

ஆக, மூன்றாவது நான்காவது வளைவிலேயே பேட்டரி கையை விரித்துவிடும். எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து சுமார் 116 குதிரைத்திறன் தந்த கார், அதன் பிறகு எஞ்சினின் 92-ஐ வைத்துக்கொண்டு முனக வேண்டும். எஞ்சின் கத்தும், வேகம் குறையும், பின்னால் வரும் பஸ்காரர் ஹாரன் அடிப்பார். வாளையார் வழியிலோ வேலந்தாவளம் வழியிலோ இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரியாது, பாலக்காட்டுக் கணவாய் தரையோடு தரையாகப் போகிறது. புளியரை–ஆரியங்காவு, குமுளி, போடிமெட்டு, ஆழியாறு–வால்பாறை வழிகளில் பாரத்தோடு போகிறவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைக்க வேண்டும்.

இறக்கத்தில் பேட்டரி தானாகவே நிறையுமே?

நிறையும், சீக்கிரமே நிறைந்துவிடும். சிக்கலே அதுதான். ஆறு யூனிட் இறங்கி வருகிறது, வாங்கி வைக்கும் பாத்திரமோ ஒரு யூனிட்டுக்கும் குறைவு. பாத்திரம் நிறைந்த பின் மோட்டாரால் வண்டியைப் பிடித்து நிறுத்த முடியாது, மொத்தச் சுமையும் சாதா பிரேக்குக்குப் போய்விடும். அதனால் இறக்கம் தொடங்கும்போதே லீவரை "பி" (B) என்ற இடத்துக்குக் கொண்டு வந்துவிடுங்கள். பார்க்கிங்குக்கு உள்ள "பி" (P) வேறு. இது முன்னோக்கி ஓட்டும் வரிசையில், பிரேக்குக்காக இருப்பது. அதில் எஞ்சின் பெட்ரோல் குடிக்காமல் வெறுமனே சுற்றி வண்டியை இழுத்துப் பிடிக்கும். சத்தம் அதிகமாக வரும், பயப்பட வேண்டாம்.

தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் இறக்கம் வருகிறது. நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்த லாரிகளால் அங்கே எத்தனை உயிர் போயிருக்கிறது என்று அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேட்டால் தெரியும். ஹைப்ரிட்டிலும் நியூட்ரல் போட்டால் மோட்டார் பிடிப்பும் போகும், சார்ஜும் ஏறாது. எந்த இறக்கத்திலும் நியூட்ரல் கூடாது.

காற்றுக் காலத்தில் கூரைமேல் சாமான் கட்டலாமா?

"ஆடிக் காற்றில் அம்மியும் நகரும்" என்ற சொல் எங்கள் பக்கத்தில் வெறும் பழமொழி கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று மலை மறிக்காத இந்தக் கணவாய் வழியாகத்தான் கொங்கு நாட்டுக்குள் பாய்கிறது. ஆடி வரை காத்திருக்காமல் வைகாசிக் கடைசியிலேயே வீசத் தொடங்கும். பெரியவர்கள் ஆடியில் குடிபோவதில்லை. ஆனால் ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதால் காற்று ஆரம்பிக்கும் நேரத்தில்தான் எல்லோரும் வீடு மாற்றுகிறோம்.

கூரையில் மெத்தையைப் படுக்க வைத்துக் கட்டினால் அது பாய்மரம். முன்பக்கம் காற்றுப் புகுந்து தூக்கும், லாரியை முந்தும்போது பக்கவாட்டில் தள்ளும். மைலேஜும் சரியும். மெத்தையை லாரியில் போட்டுவிடுங்கள்.

வேறு வழியில்லாமல் டிரெய்லர் இழுப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுமையில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 60 சதவீதம், டிரெய்லர் அச்சுக்கு முன்பக்கம் இருக்கட்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். பின்பாரம் கூடினால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். அப்போது சட்டென்று பிரேக் அடிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை வெட்டவும் வேண்டாம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு நேராகப் பிடித்திருந்தால் தணியும்.

சரி, காருக்குள்ளேயே எவ்வளவு அடைக்கலாம்?

கையேட்டில் உள்ள அதிகபட்ச மொத்த எடையிலிருந்து காரின் சொந்த எடையைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். அதில் ஆட்களும் அடக்கம். 65 கிலோ வீதம் ஐந்து பேர் உட்கார்ந்தாலே 325 கிலோ போய்விட்டது. டயர் காற்றை முழு பாரத்துக்கான அளவில் வையுங்கள்.

எடையைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரிக்குக் காரின் உள்காற்றை உறிஞ்சிக் குளிரூட்டும் ஜாலி ஒன்று இருக்கும். பல கார்களில் பின் இருக்கைக்கு அடியிலோ பக்கத்திலோ. நாங்கள் தலையணைகளையும் போர்வை மூட்டையையும் சரியாக அதன் மேலேயே திணித்திருந்தோம். சங்ககிரி தாண்டும்போது விசிறிச் சத்தம் கூடியது, மோட்டாரின் உதவி குறைந்தது. காரணம் புரியாமல் அரை மணி நேரம் ஓட்டினோம். டீக்கு நிறுத்தியபோது என் மகள்தான் "அம்மா, இங்க சூடா இருக்கு" என்று தலையணையை இழுத்தாள். மூட்டையை மாற்றி வைத்து, ஏசியைப் போட்டதும் சற்று நேரத்தில் சரியாகிவிட்டது.

உங்கள் காரில் அந்த ஜாலி எங்கே என்று மூட்டை கட்டுவதற்கு முன்பே பாருங்கள். பஞ்சு, நாய் முடி, தூசி சேர்ந்திருந்தால் துடைத்துவிடுங்கள்.

டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டுமா?

வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான், தனக்கென நம்பர் வேண்டும். பட்டறையில் செய்த, பேப்பர் இல்லாத டிரெய்லரோடு எல்லையைத் தாண்டுவது வீண் வம்பு. ஒரு நாள் வேலைக்கு இவ்வளவு சிரமப்படுவதைவிட, கொஞ்சம் சாமானென்றால் ஒரு குட்டியானை, முழு வீடென்றால் லாரி. என் தீர்மானமான கருத்து இது.

வழியில் கார் நின்றுவிட்டால், லாரியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா?

இதைக் கேட்கும் ஒவ்வொருவரிடமும் நான் கெஞ்சியே சொல்கிறேன்: வேண்டாம்.

சாதாரண காரில் நியூட்ரல் போட்டால் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் உறவு அறுந்துவிடும். டொயோட்டா வகை ஹைப்ரிட்டில் அப்படி அறுப்பதற்குக் கிளட்சே கிடையாது. உள்ளே நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிச் சின்னப் பல்சக்கரங்கள், எல்லாவற்றையும் வளைத்து வெளியே ஒரு வளையம். நடுச் சக்கரம் ஜெனரேட்டரோடும், சின்னச் சக்கரங்களைத் தாங்கும் சட்டம் எஞ்சினோடும், வெளி வளையம் பெரிய மோட்டாரோடும் ரோட்டில் ஓடும் சக்கரத்தோடும் எப்போதும் பல்லோடு பல் கவ்வி நிற்கும். நியூட்ரல் என்பது கரண்டை மட்டும் நிறுத்துகிறது, பல்லைப் பிரிப்பதில்லை. ஹோண்டா சிட்டி ஹைப்ரிட்டில் கிளட்ச் உண்டு, ஆனால் அது எஞ்சினைச் சேர்க்கவும் பிரிக்கவும்தான். மோட்டார் சக்கரத்தை விடுவதே இல்லை.

மோட்டாரின் நடுவில் இருப்பது நிரந்தரக் காந்தம். சக்கரம் உருண்டால் காந்தம் சுற்றும், காந்தம் சுற்றினால் சுருளில் மின்சாரம் பிறக்கும். சைக்கிள் டைனமோ கதைதான், அளவுதான் பயங்கரம். சாவியை அணைத்தாலும் நிற்காது. பழுதான வண்டியில் அந்த மின்சாரம் எங்கே போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது, தீப்பிடிக்கக்கூடும் என்று கையேடுகளே எச்சரிக்கின்றன. எஞ்சின் ஓடாதபோது உள்ளே எண்ணெய் தள்ளும் பம்பும் ஓடாது, பல்சக்கரங்கள் காய்ந்துபோய் உரசும்.

ரயில்வே கேட்டிலோ வளைவிலோ மாட்டிக்கொண்டு, ஆபத்திலிருந்து நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் மட்டும், ஆள் நடக்கும் வேகத்தில் ஓரத்துக்குத் தள்ளுங்கள். கயிறு கட்டி இழுக்க நேர்ந்தாலும் மணிக்கு 30 கிலோமீட்டருக்குள், கொஞ்ச தூரம்தான் என்கின்றன டொயோட்டா கையேடுகள்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

முடியாது. எங்களுக்கு இது ஓசூரிலேயே நடந்தது. சாமான் ஏற்றும் நாள் முழுக்கப் பின்கதவு திறந்தே கிடந்தது, உள்விளக்கு எரிந்தபடி. மாலையில் பட்டனை அழுத்தினால் டேஷ்போர்டு மினுக்கிவிட்டு அணைந்தது, "ரெடி" விளக்கு வரவில்லை. லாரி டிரைவர் அண்ணா நல்ல மனசோடு, "கவலைப்படாதீங்கம்மா, கயிறு போட்டு ஒரு இழுப்பு, வண்டி எடுத்துக்கும்" என்றார். தடுக்க நாங்கள் பட்ட பாடு!

அணைந்தது பெரிய பேட்டரி இல்லை, சாதா 12 வோல்ட் பேட்டரி. ஹைப்ரிட்டில் அதன் வேலை கம்ப்யூட்டரை எழுப்பி, பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சான ரிலேயை மூடுவது. அது செத்தால் எல்லாம் செத்தது போல இருக்கும். பக்கத்து வீட்டு பெட்ரோல் காரிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டதும் ஒரே நிமிஷத்தில் "ரெடி" வந்தது.

அப்போது கேபிளை நீட்டிக்கொண்டு லாரிப் பக்கம் போகாதீர்கள். பெரிய லாரிகள் 24 வோல்ட், காரின் கம்ப்யூட்டர்கள் கருகிவிடும். குட்டியானை 12 வோல்ட்தான். அதேபோல உங்கள் ஹைப்ரிட்டிலிருந்து அடுத்தவரின் டீசல் வண்டிக்கு ஜம்ப் கொடுக்கவும் வேண்டாம், அந்த ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்டுக்கு இந்தச் சின்ன பேட்டரி ஏற்பட்டதில்லை.

ரெக்கவரி வண்டிக்குப் போன் பண்ணும்போது என்ன சொல்ல வேண்டும்?

"ஹைப்ரிட் கார், பிளாட் பெட் வண்டி வேணும்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். காரை முழுசாகத் தட்டையான மேடைமேல் ஏற்றிப்போகும் வண்டிதான் பிளாட் பெட். கொக்கி போட்டுத் தூக்கும் வண்டி வந்தால், முன்சக்கரம் இழுக்கும் கார்களை முன்பக்கம் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். பின்பக்கத்தைத் தூக்கினால் மோட்டார் சக்கரம் ரோட்டில் உருளும். நாலு சக்கரமும் இழுக்கும் ரகமென்றால் எந்தப் பக்கமும் தூக்காமல் பிளாட் பெட் மட்டுமே. வாளையாருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வரும் ஆட்களுக்குத் தமிழும் மலையாளமும் புரியும், கூச்சப்படாமல் இரண்டு தடவை சொல்லுங்கள். மேலே ஏற்றும்போது ஆரஞ்சு ஒயரில் சங்கிலி படாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் நிற்கட்டும். 12 வோல்ட் செத்துவிட்டால் சில கார்களில் பார்க்கிங் பூட்டு விடாது. முதலில் ஜம்ப் கொடுத்து நியூட்ரலுக்கு மாற்றிக்கொண்டால் சக்கரம் தேயாமல் ஏறும்.

வழியில் நின்றுபோன வேறொரு வண்டியை என் காரால் இழுத்து உதவலாமா?

மனசு நல்லதுதான், ஆனால் உங்கள் காருக்கு அது டிரெய்லர் இழுப்பதற்குச் சமம். சட்டப்படி இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது, வேகம் மணிக்கு 25-ஐத் தாண்டக் கூடாது, இழுபடும் வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் ஸ்டீயரிங் பிடிக்க வேண்டும். வழக்கமான இன்சூரன்ஸ் பாலிசியில் கூலி வாங்காமல் பழுதான ஒரு வண்டியை இழுக்க இடமுண்டு, ஆனால் இழுபடும் வண்டிக்கு நேரும் சேதத்தை உங்கள் கம்பெனி ஏற்காது. போன் போட்டுக் கொடுத்து, மெக்கானிக் வரும் வரை கூட நின்றாலே பெரிய உதவி.

பழைய வீட்டுச் சாமானுக்கு எல்லையில் பில் கேட்பார்களா?

உபயோகித்த வீட்டுச் சாமானுக்கு ஈ-வே பில்லிலிருந்து (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டியில் எடுக்கும் சீட்டு) விலக்கு உண்டு. ஆனாலும் சாமான் பட்டியல் ஒன்றை எழுதிக் கையெழுத்திட்டு, ஆதார் நகலோடு டிரைவரிடம் கொடுத்து அனுப்புங்கள். புதிதாக வாங்கிய ஃபிரிட்ஜ், டிவி இருந்தால் கடை பில்லும். கேரளத்தில் வேலை செய்யாமல் பார்த்து நின்றதற்குக் கேட்கும் நோக்குகூலியை 2018 மே 1 முதல் அரசு ஒழித்துவிட்டது. இறக்க ஆள் வேண்டுமென்றால் கூலியை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

வண்டி நம்பரை உடனே மாற்ற வேண்டுமா?

வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநில நம்பர் வாங்க வேண்டும். முகவரி மாறியதை 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பழைய ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்து என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், கடன் இருந்தால் பேங்கின் சம்மதமும். பிறகு இங்கே படிவம் 27, மீதிக் காலத்துக்கு வரி. அங்கே கட்டிய ஆயுள் வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்க மறக்காதீர்கள், பலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். ஓசூரின் நம்பர் டிஎன் 70, சித்தூரின் நம்பர் கேஎல் 70. மாற்றிய பிறகும் எழுபதுதான் என்று அத்தைக்கு ஒரே சந்தோஷம்.

அம்மி, ஆட்டுக்கல்லைக் காரில் வைக்கலாமா?

டிக்கியில் வேண்டாம். திடீர் பிரேக்கில் முதலில் பறப்பது அதுதான், பின்பாரமும் கூடும். ஒன்றே ஒன்றென்றால் முன் இருக்கைக்குப் பின்னால், காலடித் தரையில், அசையாமல் இடுக்கி வையுங்கள். எங்கள் அம்மியும் குழவியும் கோணிப்பை சுற்றி, லாரியில் கேபின் பலகையை ஒட்டி வந்தன. மறுநாள் காலைச் சட்னி அதில்தான் அரைத்தோம்.